இடுப்புச் சாவியும் டர்போ வால்வும்

எங்கள் வீட்டில் பீரோ சாவி அனுசுயாவிடம். வாசல் பூட்டுச் சாவி அனுசுயாவிடம். டிவி ரிமோட் அனுசுயாவிடம். என் சம்பளக் கார்டு, அதன் ரகசிய எண், எனக்கு எப்போது பசிக்க வேண்டும் என்கிற முடிவு, எல்லாமே அனுசுயாவிடம். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. கல்யாணமான புதிதில் கொஞ்சம் வலித்தது, அப்புறம் மரத்துப்போய்விட்டது. ஆனால் கார் வாங்கிய அன்றைக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். தணிகைமலை இருக்கிற திசையைப் பார்த்து, கையை உயர்த்தி, வாய்க்குள்ளேயே எடுத்தேன். சத்தமாக எடுத்தால் அவள் காதில் விழுந்து தொலைக்கும்.

"இந்த ஒரு சாவி மட்டும் இந்தத் துளசிங்கத்தின் இடுப்பை விட்டு இறங்காது!"

பழைய வண்டிதான். ஆனால் டர்போ வைத்த பெட்ரோல் வண்டி, செக்கச்செவேல் என்று சிவப்பு. எனக்குத் திருவாலங்காடு சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிற வேலை. ஆலை பஸ் தெருமுனைக்கே வந்து என்னை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் கார் உறையைப் போர்த்திக்கொண்டு வாசலில் தூங்கும். அனுசுயாவோ அம்மையார்குப்பம் போய், தறிக்காரர் வீடுகளில் சேலை எடுத்து வந்து, சுற்று வட்டாரத்தில் விற்கிறாள். மூட்டையோடு பஸ்ஸில் ஏறுவாள். கண்டக்டரோடு சண்டை போடுவாள். மிச்ச சண்டையை வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

"ன்னாங்க, வண்டி சும்மாதான தூங்கினு கீது? சாவி குடுங்க. சேல எடுத்தாந்துடறேன்."

"அது டர்போ வண்டிம்மே."

"டர்போன்னா?"

"காத்த அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளும். பாயும். பொம்பளைங்க கைக்கு அடங்காது."

"எட்டு போட்டு ஒரே தபாவுல லைசென்ஸ் வாங்கினவ நானு. நீங்க மூணாவது தபாதான வாங்கினீங்க?"

"அப்ப எனக்கு ஜுரம்."

"ரெண்டு தபாவுமா?"

இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சாவி இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் நகரியில் இருந்து என் சகலை பரசுராமன் வந்தான். அனுசுயாவின் அக்கா சுஜாதாவின் வீட்டுக்காரன். அனுசுயாவுக்கு அவன் பாவா, எனக்குப் பல்வலி. வண்டியில் ஒரு சுற்று வந்துவிட்டு இறங்கினவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னா சகல, டர்போ டர்போன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச. ஒரு சத்தமும் காணோமே. தையல் மிஷின் மாதிரி கீது."

சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே போனில் ஒரு வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு ப்ளோ ஆஃப் வால்வு ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். அதுவும் சாதா வால்வு இல்லை, நாம் விருப்பப்படி மாற்றி வைத்துக்கொள்கிற வால்வு. அரக்கோணம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் முருகவேலிடம் கொடுத்து மாட்டச் சொன்னேன். மாட்டிவிட்டு அவர் பாடம் எடுத்தார்.

"நீங்க ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா எஞ்சினுக்குப் போற வழி மூடிக்கும். டர்போ தள்ளின காத்து நடுவுல மாட்டிக்கும். அத வெளிய வுடறதுதான் சார் இந்த வால்வு வேல. பிஸ்ஸுன்னு சத்தம் வரும். உள்ள ஒரு ஸ்பிரிங்கு. மேல கீது பாருங்க ஸ்க்ரூ, அத திருப்பி ஸ்பிரிங்க இறுக்கலாம், லூசு பண்ணலாம். லூசா வுட்டா வால்வு தொறந்தே கெடக்கும், கால எடுத்ததும் வண்டி நின்னு பூடும். ரொம்ப இறுக்கினீங்கன்னா..."

அவர் மேலே என்னமோ சொன்னார். நான் எங்கே கேட்டேன்? 'லூசா வுட்டா நின்னு பூடும்' என்கிற இடத்திலேயே என் மூளை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஆட ஆரம்பித்துவிட்டது.

"நடுவுல வெச்சிருக்கேன். கைய வெக்காதீங்க," என்று முடித்தார் முருகவேல். நான் வழியிலேயே கடையில் நிறுத்தி, அந்த ஸ்க்ரூவைத் திருப்ப ஒரு ஆலன் கீ வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அனுசுயாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கனகம்மாசத்திரம் வரைக்கும் போனேன். பஸ் ஸ்டாப் பக்கம் காலை எடுத்தேன். 'பிஸ்ஸ்ஸ்!' உட்கார்ந்திருந்த ஜனம் மொத்தமும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. பஸ் பிரேக் சத்தம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் பின்கதவைத் திறந்து கீரைக்கூடையை உள்ளே வைத்தே விட்டாள்.

"திருப்பதி போவுமா?"

"இது காரும்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு பஸ்ஸு மாதிரி சத்தம் குடுக்கற? வெளையாட்றியா?"

கூடையை இறக்கிவிட்டு அவள் என் பரம்பரையை விசாரித்தாள். அனுசுயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கட்டும். எனக்குள் திட்டம் பழுத்துவிட்டது.

மறுநாள் ஆலைக்குப் புறப்படும் முன்பு, அவள் குளிக்கப் போன நேரத்தில் பானெட்டைத் திறந்தேன். ஆலன் கீயை வைத்து ஸ்க்ரூவை நன்றாக லூசு பண்ணினேன். மூடினேன். கையைத் துடைத்துக்கொண்டு, ராஜா தானம் கொடுக்கிற தோரணையில் சாவியை நீட்டினேன்.

"இந்தா. எடுத்துகினு போ."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஜுரமா?"

"ஓட்டித்தான் பாரேன்."

ஓட்டினாள். தெருமுனை வரைக்கும் போனது. வளைவில் காலை எடுத்தாள். நின்றது. ஸ்டார்ட் பண்ணினாள், காலை எடுத்தாள், நின்றது. எதிர்வீட்டு ஜெயம்மாவும் அவள் வீட்டுக்காரரும் தள்ள, வண்டி பின்பக்கமாகவே வாசலுக்கு வந்து சேர்ந்தது. நான் திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் மாதிரி கேட்டில் நின்று பார்த்தேன். மனசுக்குள் தாரை தப்பட்டை முழங்கியது.

சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் ஸ்க்ரூவை இறுக்கினேன். சாதாரணமாகவா? ஆம்பிளை ஓட்டுகிற வண்டி, முடிந்த மட்டும் இறுக்கினேன். அப்புறம் அனுசுயாவை வாசலில் நிறுத்திவைத்து, தெருவில் இரண்டு சுற்று வந்தேன். நிற்கவே இல்லை. காலை எடுத்தால் 'துத்துத்துத்து' என்று ஒரு சத்தம். பிஸ் போய்விட்டது. போனால் என்ன? இது இன்னும் கம்பீரமாக இருந்தது.

"கேட்டியா? சிங்கம் உறுமுது."

"நீங்க ஓட்டினா மட்டும் எப்டிங்க நிக்காம போவுது?"

"ராசிம்மே. அது ஆளப் பாக்குது."

"ராசியா," என்றாள் மெதுவாக. உள்ளே போய் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தோற்ற துக்கம் என்று நினைத்து நான் தொந்தரவு பண்ணவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் இருக்கிறதே, அதுதான் சார் வாழ்க்கை! தினமும் காலையில் லூசு பண்ணிவிட்டு, "பழகிக்கோ, பழகிக்கோ," என்று சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஆலைக்குப் போவேன். அவளே தன் வாயால் 'எனக்கு இந்த வண்டி வேணாம்' என்று சொல்லிவிட்டால், அப்புறம் ஜென்மத்துக்கும் கேட்கமாட்டாள் இல்லையா? சாயங்காலம் வந்ததும் பானெட்டைத் திறந்து பார்ப்பேன். ஸ்க்ரூ நான் வைத்தபடியே லூசாக இருக்கும். எனக்கு நானே சிரித்துக்கொண்டு மறுபடியும் இறுக்கிவைப்பேன்.

"இன்னா, இன்னைக்காவது போச்சா?"

"எங்கங்க? நின்னு நின்னு போவுது. உங்க கைதான் அதுக்கு லாயக்கு."

உங்க கைதான் லாயக்கு! தாலி கட்டிய நாளிலிருந்து அனுசுயா வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. ஆலையில் கரும்பு லாரியெல்லாம் அன்றைக்கு எனக்கு இலகுவாகத் தெரிந்தது. வீட்டில் சேலை மூட்டை வருவதும் போவதுமாக இருந்தது. முன்னைவிட அதிகமாகவே வந்தது. பாவம், பஸ்ஸில் எப்படித்தான் சுமக்கிறாளோ என்று எனக்கு இரக்கம்கூட வந்தது. வந்த இரக்கத்தை உடனே அடக்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரசுராமனும் சுஜாதாவும் மலைக்குப் போகலாம் என்று வந்தார்கள். இட்லி சாப்பிடும்போது சுஜாதா ஆரம்பித்தாள்.

"ஏன் தம்பி, எந்தங்கச்சி மூட்டையத் தூக்கினு பஸ்ஸுல அலையறா. வீட்ல காரு எதுக்கு, கண்ணு படக்கூடாதுன்னா?"

"குடுத்துப் பாத்தாச்சிங்க. நான் ஓட்டினா துத்துத்துன்னு சிங்கம் மாதிரி உறுமுது, அவ ஓட்டினா நின்னு பூடுது. அவளையே கேளுங்க."

அனுசுயா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆங் க்கா. நிக்குது."

பரசுராமன் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "பொய் சொல்லாத சகல. சாவி குடுக்க மனசில்லன்னு சொல்லு," என்றான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இட்லி மென்ற வாயால் கெட்டேன்.

"பந்தயம்! நம்ம வாசல்ல இருந்து மலை மேல கோயில் வரைக்கும், வண்டி ஆஃப் ஆவாம யாரு ஏத்தறாங்களோ, சாவி அவங்களுக்கு. காலத்துக்கும்! மொதல்ல அவ ஏத்தட்டும். எறங்கி வந்து நான் ஏத்தறேன்."

அனுசுயா நிமிர்ந்தாள். "சாமி மேல சத்தியமா?"

"தணிகைமலை மேல சத்தியமா!"

"பாவா, நீங்க சாட்சி," என்றாள்.

கை கழுவுகிற சாக்கில் வெளியே போய் ஸ்க்ரூவை வழக்கத்தைவிட இன்னும் ஒரு திருப்பு லூசு பண்ணினேன். அவள் வழியில் நின்றதும், 'தள்ளு, நான் பாக்கறேன்' என்று பானெட்டைத் திறந்து, உடம்பால் மறைத்து ஒரே திருகு, அப்புறம் வெற்றி ஊர்வலம். ஆலன் கீயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன்.

"இன்னாங்க இது, கோயிலுக்கு இந்த அழுக்கு சட்டையிலயா வர்றீங்க? கழட்டுங்க." புதுச்சட்டையை என் மேல் மாட்டி, பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள். பழையதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எவ்வளவு அன்பு என்று நினைத்தேன்.

எல்லோரும் வாசலுக்கு வந்தோம். அனுசுயா நேராகப் போய்ப் பின்சீட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏய், நீதான மொதல்ல?"

"கோயிலுக்குப் போற வண்டிங்க. வீட்டு ஆம்பள இருக்கறப்போ நான் முன்னாடி ஒக்காந்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க? நீங்க மொதல்ல ஏத்துங்க. பாத்துக் கத்துக்கறேன்."

வீட்டு ஆம்பிளை! அந்த வார்த்தைக்காக ஏங்கிய ஆண்டுகள் எத்தனை. அது கிடைக்க வேண்டிய நேரமா இது?

"இல்ல, நீயே..."

"அட ஏறு சகல! ஒரேயடியா பயப்படற!" என்றான் பரசுராமன்.

"ஆயில் பாத்துட்டு வந்துடறேன்." பானெட்டைத் திறந்தேன். சட்டைப் பையில் கையை விட்டேன். புதுச்சட்டை. உள்ளே விலைச்சீட்டு மட்டும் இருந்தது. வீட்டுக்குள் இருந்து வாஷிங் மிஷின் கடகடவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது. பானெட்டை மூடினேன்.

"ஆயில் எப்டி?"

"கீது," என்றேன்.

முருகா, உன்னைத்தான் நம்பினேன் என்று ஸ்டார்ட் பண்ணினேன். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தால் நிற்காது, அது எனக்குத் தெரியும். தெருமுனையில் மிதித்தபடியே வளைந்தேன். சுஜாதா "ஐயோ" என்றாள். கடைத்தெருவில் மிதித்தபடியே போனேன், ஒரு பூக்காரம்மா கூடையோடு தாவினாள். மலைப்பாதையில் ஏறினேன். முதல் வளைவு. மேலேயிருந்து கோயில் பஸ் இறங்கி வந்தது. இதற்கு மேல் மிதித்தால் பஸ்ஸுக்குள் போய்த்தான் நிற்கவேண்டும். காலை எடுத்தேன்.

வண்டி நின்றது.

ஸ்டார்ட் பண்ணினேன். உறுமியது. கியரைப் போடக் காலை எடுத்தேன். நின்றது. பின்னால் ஒரு வேன், அதற்குப் பின்னால் இரண்டு கார், அதற்குப் பின்னால் மொட்டை போட்டுக்கொண்டு போகிற குடும்பம் ஏறிய ஆட்டோ. எல்லாம் ஒரே நேரத்தில் ஹார்ன் அடித்தன. எதிரே பஸ் டிரைவர் தலையை நீட்டி, "யோவ், மலைய வாங்கிட்டியா?" என்றார்.

"சகல, சிங்கம் தூங்கிடுச்சா?" என்றான் பரசுராமன்.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். ஸ்க்ரூ என் கண்ணெதிரே இருக்கிறது. விரலால் திருகிப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது. பக்கத்தில் கொலுசுச் சத்தம். அனுசுயா. கையில் சாவிக்கொத்து. பீரோ சாவிக்கும் வாசல் சாவிக்கும் நடுவில் பளபளவென்று ஒரு ஆலன் கீ.

"பாக்கெட்டுல இருந்து எடுத்தியா?" என்றேன் ரகசியமாக.

"உங்களுது மிஷின்ல சுத்தினு இருக்கு. இது என்னுது."

எனக்கு மலை சுற்றியது. "உன்னுதா?"

"ன்னாங்க, நீங்களே சரி பண்றீங்களா? பண்ணலாம். ஆனா அந்த ஸ்க்ரூ எப்டித் தெரியும்னு பாவா கேப்பாரு. இல்ல, நான் பண்ணட்டுமா?"

நான் பண்ணினால் மானம் போகும். அவள் பண்ணினால் சாவி போகும். வேன் டிரைவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் சட்டைக் கையை மடித்துவிட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"நீயே பண்ணு," என்றேன்.

முந்தானையைச் செருகினாள். ஆலன் கீயை நுழைத்தாள். ஸ்க்ரூவை இறுக்கினாள், கொஞ்சம் பின்னால் விட்டாள். என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள், காதைக் கொடுத்துக் கேட்டாள், இன்னும் அரைத் திருப்பு திருப்பினாள். அதற்குள் பரசுராமனும் வேன் டிரைவரும் தலையை நுழைத்துவிட்டார்கள்.

"இன்னாம்மா அது?"

"ஸ்பிரிங்கு லூசா இருந்தா, எஞ்சின் உள்ள இழுக்கற இழுப்புக்கே வால்வு தொறந்துக்கும் பாவா. கணக்குல இல்லாத காத்து உள்ள பூந்துடும், வண்டி நின்னுடும். ரொம்ப இறுக்கிட்டா தொறக்கவே தொறக்காது. காத்து திரும்பி வந்து டர்போவையே அடிக்கும். துத்துத்துன்னு கேக்கும்."

"துத்துத்துன்னா? சகல அத சிங்கம்னு சொன்னாரே?"

"சிங்கம் இல்ல பாவா. டர்போ சாவற சத்தம். நல்ல வேள, இவரு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் ஓட்றாரு."

வேன் டிரைவர், "அக்கா, எங்க வண்டிய ஒரு தபா பாக்கறீங்களா?" என்றார்.

"உனக்கு இதெல்லாம் யாருடி சொன்னது?" என்றேன். எனக்கு அழுகை வந்தது.

"நீங்கதான். நீங்க போன்ல பாக்கற வீடியோ எல்லாம் நம்ம டிவியில வருது. சீரியல் போடலாம்னு பாத்தா வால்வு வால்வுன்னு வந்துச்சி. ஒருத்தரு தெலுங்குல புட்டுப் புட்டு வெச்சாரு. வீடியோ கீழ செவப்புக் கோடு பாதியிலயே நின்னு இருந்துச்சி, நீங்க அதோட வுட்டுட்டீங்க போல. நான் முழுசும் பாத்தேன்."

"அப்ப இத்தினி நாளும்..."

"தெருமுனையில நிறுத்தி இறுக்கிக்குவேன். திரும்பி வர்றப்போ அங்கியே லூசு பண்ணிட்டு வந்து நிறுத்துவேன். சாயங்காலம் நீங்க பானெட்ட தொறந்து பாத்துட்டு தனியா சிரிப்பீங்க இல்ல, அந்த சந்தோசத்த ஏங்க கெடுக்கணும்?"

"எங்கெல்லாம் போன?"

"அம்மையார்குப்பம், சோளிங்கர், அரக்கோணம். போன வாரம் காஞ்சிபுரம்."

பரசுராமன் என் தோளில் கை போட்டான். "பெட்ரோல் முள்ளையாவது பாக்கக் கூடாதா சகல?"

பார்க்கவில்லை. ஸ்க்ரூவை மட்டும்தான் பார்த்தேன். எனக்கு அதுகூட ஆறிப்போகும். ஆனால் 'உங்க கைதான் லாயக்கு' என்றாளே, அந்த வாக்கியம் பொய் என்று ஆனதுதான் ஆறவில்லை.

அவள் கையை நீட்டினாள். தணிகைமலை மேலேயே நின்றுகொண்டு, தணிகைமலை மேல் பண்ணின சத்தியத்தை எப்படி மீறுவது? சாவியைக் கொடுத்தேன். கொத்தில் மாட்டிக்கொண்டாள். அது அங்கேயே பிறந்து வளர்ந்தது போலப் பொருந்திவிட்டது.

வண்டி புறப்பட்டது பாருங்கள்! சொன்னால் நம்பமாட்டீர்கள், என் வண்டிதானா என்று எனக்கே சந்தேகம். வளைவில் காலை எடுப்பாள், அளவாக ஒரு 'பிஸ்'. கியரை மாற்றுவாள், வழுக்கிக்கொண்டு ஏறும். ஆஃப் ஆகவில்லை, திணறவில்லை, உறுமவும் இல்லை. நடந்து ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு ஆள் "அரோகரா!" என்று கத்தினான். பின்னால் வந்த வேன்காரர் ஹார்ன் அடித்துப் பதில் சொன்னார். சுஜாதா தங்கச்சியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பின்சீட்டில் மடியில் தேங்காய்த் தட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மேலே போனதும், "இவ்ளோ தூரம் வந்தாச்சி, வண்டிக்கு ஒரு பூஜ போட்டுடலாம்," என்றான் பரசுராமன். ஐயர் வந்தார். பானெட்டில் சந்தனம் பூசினார். மாலை போட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"டிரைவர் பேரு, நட்சத்திரம்?"

பழக்கதோஷம். நான் வாயைத் திறந்தேன்.

"அனுசுயா, உத்திரட்டாதி," என்றாள் அவள்.

ஐயர் தட்டை ஏந்தி நின்ற என்னைப் பார்த்தார். "இவரு?"

அனுசுயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன இருந்தாலும் கட்டிய புருஷன் இல்லையா, மனசு இரங்கிவிட்டது.

"நம்ம கிளீனருங்க சாமி. அவரு பேருக்கும் ஒரு அர்ச்சன பண்ணிடுங்க."

ஐயர் என் பக்கம் திரும்பினார். "கிளீனர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

"மூலம், சாமி," என்றேன்.